தேநீர் அறைக்கு ஓர் இசை

கரியைக் கழுவித்தான் அடுப்பில் இட வேண்டும் என்பது வெளியாட்கள் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு துண்டாக நீரில் தேய்த்துக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். அப்போதுதான் தூசி போகும். நெருப்பில் வெடிக்காது, பொறி பறக்காது, விருந்தினர் அமர்ந்திருக்கும் அறையில் சத்தம் போடாது. தேநீர்க் கலை கற்பிக்கும் எங்கள் கஸமாகி வீட்டில் இந்த வேலையைச் சீடர்களிடம் விடுவதில்லை. வீட்டுத் தலைவர்தான் செய்ய வேண்டும். அன்றைய கரியையும் நானேதான் கழுவிக் காயவைத்தேன். உங்கள் இளைய அதிகாரி நேற்று, கரி ஈரமாக இருந்திருக்குமோ என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஈரக்கரி அடுப்புக்குப் போனதில்லை. அந்தக் கேள்வி எனக்கு வருத்தமாக இருந்தது.

நீங்கள் கொடுத்த பார்லித் தேநீர் நன்றாக இருக்கிறது. கோப்பையை நான் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, உடனே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நல்ல வளர்ப்பு உங்களுடையது. எல்லாரும் அப்படித் திரும்பிக்கொண்டிருந்தால் நாம் இருவரும் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது.

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேநீர் கலக்கும்போது, பச்சைத் தேயிலைத் தூளை மூங்கில் கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் இடுவோம். பிறகு கரண்டியில் ஒட்டியதை உதிர்க்கக் கிண்ணத்தின் விளிம்பில் ஒருமுறை தட்டுவோம். எல்லா வீடுகளிலும் தட்டுகிறார்கள். ஆனால் எங்கள் ஊர் கனாசவாவில் ‘கஸமாகித் தட்டு’ என்று தனியாக ஒரு பேச்சு உண்டு. ஒரே ஒரு தட்டு. அதற்கு மேல் இருந்தால் தடுமாற்றம், குறைந்தால் பயம். என் தாத்தா தட்டும் நேரத்தில் விருந்தினர்கள் மூச்சை நிறுத்திக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். என் தந்தைக்கும் அப்படித்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

என் மருமகன் கெய்ஜிரோ முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது அந்தத் தட்டைக் கேட்கத்தான். தேநீர் கற்க அல்ல. மூங்கில் குழல் வாசிப்பவன், இசை அமைப்பவன். எனக்கு மகன் கிடையாது. ஒரே மகள், மிசுயே. அவளை மணந்துகொண்டு, தன் குடும்பப் பெயரை விட்டுவிட்டு எங்கள் பெயரை ஏற்றுக்கொண்டு அவன் இந்த வீட்டுக்குள் வந்தான். எனக்குப் பிறகு வீட்டுத் தலைவன் அவன்தான் என்று ஏற்பாடு. அவனைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றினால் வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பான். என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவான், அதுவும் மனதிலிருந்து.

அவன் எழுதிக்கொண்டிருந்த இசைக்கு ‘தேநீர் அறைக்கு ஓர் இசை’ என்று பெயர். குழல், பதின்மூன்று தந்திகள் கொண்ட கோத்தோ, இவற்றோடு எங்கள் இரும்புப் பானையில் வெந்நீர் கொதிக்கும் ஓசை. பாட்டும் இல்லை, சொல்லும் இல்லை. பானை முதலில் பூச்சி கத்துவதுபோல் தொடங்கும். பிறகு தூரத்துப் பைன் மரங்களில் காற்று புகுந்ததுபோல் ஆகும். அந்தக் காற்றுக்குள்ளிருந்து குழல் எழும். பானை எங்கே முடிந்தது, குழல் எங்கே தொடங்கியது என்று ஐம்பது ஆண்டுகள் அந்தப் பானையின் முன் அமர்ந்த எனக்கே தெரியாது. விருந்தினர் வருமுன் பாதைக் கற்களில் நீர் தெளிக்கும் இடத்தைக் கோத்தோ வாசிக்கும். எங்கும் அவசரம் இல்லை, அலங்காரம் இல்லை.

அது நல்ல இசை. நான் அதை ஒருபோதும் மறுத்ததில்லை. மோசமான இசையாக இருந்திருந்தால் ஒரு மாலை நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஊரும் மறந்திருக்கும். நல்ல இசை நிலைத்துவிடும். அதுதான் சிக்கல்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பெரிய அறையில் ஒத்திகை நடந்தது. கோத்தோ வாசித்தவள் ஒகினோ. கைத்திறமை உள்ளவள், வாய் கொஞ்சம் நீளம். நான் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தேன். காகிதக் கதவு மூடியிருந்தது. மூன்றாம் பகுதி. கோத்தோவில் ஒரு தந்தி ஒலித்தது, உடனே அதன் வாலைப் பிடித்தாற்போல் இன்னொரு சிறிய ஒலி.

“தம்பி, இந்த ரெண்டாவது அடி எதுக்கு? கை தவறின மாதிரி இருக்கு,” என்றாள் ஒகினோ.

“தவறினதுதான் அக்கா. அப்பாவோட கை அது.”

“ஐயாவோட கையா? அட கடவுளே. கஸமாகித் தட்டு குட்டி போட்டிருச்சா?”

கெய்ஜிரோ சிரித்துவிட்டான். “சும்மா இருங்கக்கா. ரெண்டு வருஷமா அவர் ஒவ்வொரு தடவை தேநீர் கலக்கும்போதும் பதிவு பண்ணிக் கேட்டுட்டு இருக்கேன். முதல் தட்டு இந்த வீட்டோடது. ரெண்டாவதுதான் அவரோடது. அது இல்லேன்னா இந்த இசை வெறும் வெந்நீர் கொதிக்கிற சத்தம்.”

“அவருக்குத் தெரியுமா?”

“அவர் கை அவருக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. கை நடுங்குவது தெரியும். அது வெளியே கேட்கிறது என்பது தெரியாது. என் காதில் அதுவரை ஒரே தட்டுதான் விழுந்துகொண்டிருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அந்த இரண்டாவது ஒலியை எடுத்துவிடும்படி கெய்ஜிரோவிடம் கேட்டேன். கட்டளையாகச் சொல்லவில்லை, கேட்டேன். அவன் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, தரையில் கைகளை ஊன்றித் தலை வணங்கினான்.

“அப்பா, வேற எதை வேணா எடுக்கச் சொல்லுங்க, எடுத்துடறேன். அதை எடுத்தா மிச்சம் ஒண்ணும் இல்ல. உங்களைக் குறை சொல்றதுக்காக அதை வைக்கல. அதைக் கேக்கத்தான் தினமும் அந்தப் பதிவைப் போடறேன்.”

“அரங்கேற்றத்தன்னிக்கு கனாசவாவில இருக்கிற எல்லாத் தேநீர் வீட்டுத் தலைவர்களும் முன்வரிசையில உட்காரப்போறாங்க. அவங்க முன்னாடி என் கையைக் கொண்டுபோய் வைக்கப்போறியா?”

அப்போதுதான் மிசுயே பேசினாள். அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அவள் அம்மாவைப் போல.

“அப்பா, உங்க ஒருத்தரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். நீங்க தட்டற நேரத்துல சீடர்கள் எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கறாங்களே, அதைப் பணிவுன்னா நினைச்சீங்க? உங்க மேல பாசம் அவங்களுக்கு. இவர் ஒருத்தர்தான் தலையைக் குனியாம நேராக் கேட்டிருக்கார். அதுக்குப் போய்க் கோவப்படறீங்களே.”

நான் கோபப்படவில்லை. கஸமாகி வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கோபப்படுவது வழக்கமில்லை. மீன் நன்றாக இருந்தது, அதைச் சொன்னேன். ஆனால் அன்றிலிருந்து சீடர்களின் தலைகளைப் பார்க்கத் தொடங்கினேன். அவள் சொன்னது உண்மை. நான் கரண்டியைத் தூக்கும்போதே ஒவ்வொரு தலையாகக் கவிழ்ந்தது. ஒரு வீட்டின் பெயரை எத்தனையோ பேர் சேர்ந்து தாங்கிப்பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, அவர்கள் என்னைத்தான் தாங்கிப்பிடிக்கிறார்கள் என்று தெரிவது சாதாரண விஷயம் அல்ல. அவர்கள் இறந்துவிடுவார்கள், நானும் இறந்துவிடுவேன், அதோடு அது தீரும். இசை இறக்காது. நூறு வருடம் கழித்து வேறு ஊரில் யாரோ ஒரு பெண் கோத்தோவில் என் நடுக்கத்தைப் பயிற்சி செய்வாள். கஸமாகி என்றால் அதுதான் என்று ஆகிவிடும்.

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். நீங்களும் ஒரு குடும்பத்துப் பெயரைத் தாங்கி நிற்பவர்தான்.

இசைக்கு இன்னும் ஒரு பகுதிதான் பாக்கி இருந்தது. விருந்தினர்கள் பேசாமல் உணவருந்தும் பகுதி. பானை கொதிக்க, இரண்டு பேர் அமைதியாக உண்ணும் சத்தத்தை அவன் எங்கள் பழைய தேநீர் அறையிலேயே பதிவு செய்ய விரும்பினான். மூன்று பாய் அளவுள்ள சிறிய அறை. அவனும் ஒகினோவும் விருந்தினர்கள். பனி பெய்யும் நாளாக இருக்க வேண்டும் என்று காத்திருந்தான், பனி மற்றச் சத்தங்களைக் குடித்துவிடும் என்பதால். ஆனால் பனி பெய்தால் தெருவில் பனி கரைக்கும் நீர்க்குழாய்களைத் திறந்துவிடுகிறார்கள். அந்தச் சீறலும் பானையின் சீறலும் கிட்டத்தட்ட ஒன்று. ஒலிவாங்கிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் கெட்டுப்போனது.

“அப்பா, கதவு இடுக்கு, சன்னல் இடுக்கு எல்லாத்துலயும் காகிதம் ஒட்டிடலாமா? அந்தக் காலத்துல குளிருக்கு ஒட்டுவீங்களே, அந்த மாதிரி,” என்று அவனாகத்தான் கேட்டான். இதை எழுதிக்கொள்ளுங்கள். யோசனை அவனுடையது.

“நானே ஒட்டறேன்,” என்றேன்.

மிசுயே முகம் மலர்ந்துபோனாள். “பாத்தீங்களா, அப்பா சம்மதிச்சிட்டார். நான்தான் சொன்னேனே, கொஞ்ச நாள் விட்டா சரியாயிடுவார்னு.”

“கூரைச் சன்னலை மட்டும் கொஞ்சம் தூக்கி விட்டுடுங்கப்பா,” என்றான் கெய்ஜிரோ. “கரி எரியுதே. அது மேல இருக்கறதால தெருச் சத்தம் வராது.”

சரி என்று சொன்னேன்.

அரிசிப் பசை நானே காய்ச்சினேன். நல்ல காகிதம், இரண்டு அடுக்கு; திறந்து மூட வேண்டிய இரண்டு கதவுகளில் மட்டும், மூடினால் இடுக்கை மறைக்கும்படி ஒரு பக்கம் மட்டும் ஒட்டினேன். ஓர் இடுக்கில்கூடச் சுருக்கம் இல்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள். அவன் கேட்டதையெல்லாம் செய்தேன். அவன் கேட்காத ஒன்றும் செய்தேன். ஏணி வைத்து ஏறி, கூரைச் சன்னலை இறக்கி, அதன் மேலும் வெளியிலிருந்து காகிதம் ஒட்டினேன். அறைக்குள்ளிருந்து பார்த்தால் மங்கலான வெளிச்சம் தெரியும், மூடியிருப்பது தெரியாது. இந்த வயதில், பனியில், ஏணி மேல். கை நடுங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நடுங்கியது. ஆனால் அங்கே கேட்பதற்கு யாரும் இல்லை.

பனியே அந்தச் சன்னலை அடைத்திருக்கும் என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். அன்று பெய்த பனிக்கு அது நம்பும்படியாகத்தான் இருந்திருக்கும். பொய் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

கரியை வழக்கத்தைவிடத் தாராளமாக அடுக்கினேன். ஒகினோவையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தேனா என்று நீங்கள் கேட்கலாம். எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் மேல் எனக்குத் தனியாகப் பகை இல்லை. விருந்தினர் இருவர் என்றால் இருவர்.

இப்போது நீங்கள் அறிய விரும்புவதற்கு வருகிறேன். எங்கள் முறையில், உணவுத் தட்டுகளை வைத்ததும் விருந்து கொடுப்பவர் பின்னறைக்குப் போய்விடுவார். இடையில் கதவு மூடியிருக்கும். விருந்தினர்கள் சாப்பிட்டு முடித்ததும், எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்தில் தங்கள் குச்சிகளைத் தட்டில் விழவிடுவார்கள். ‘டக்’ என்று ஒரே ஓசை. அதுதான் அழைப்பு. அதைக் கேட்ட பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். அதற்கு முன் திறப்பது விருந்தினரை அவமதிப்பது.

அன்று தட்டுகளை நான் முன்னதாகவே வைத்துவிட்டுப் பின்னறையில் அமர்ந்துவிட்டேன். தொடங்கிய பிறகு யாரும் யாரோடும் பேசக் கூடாது என்பது கெய்ஜிரோவின் கண்டிப்பு. அதனால், ஒகினோ வந்த ரயில் வழியிலேயே பனியில் நின்றுவிட்டது என்று தொலைபேசி வந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை.

தவழ்ந்து நுழையும் சிறிய கதவு திறந்தது. இருவர் உள்ளே வந்தார்கள். கடைசியாக வந்தவர் கதவைச் சத்தம் கேட்கும்படி மூடினார், அதுவும் எங்கள் முறைதான். நான் இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கதவுக்குப் பின்னால் ஆயுள் முழுக்க அமர்ந்தவனுக்கு, உள்ளே இருப்பவர் யாரென்று கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. சூடான ரசம் உள்ள அரக்குக் கிண்ணத்தின் மூடி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஒகினோ திறந்தால் கீச்சென்று கத்தும், பிறகு அவளே சிரிப்பாள். அன்று கத்தவில்லை. கிண்ணத்தின் ஓரத்தை விரல்களால் மெல்ல அழுத்தி, காற்றை உள்ளே விட்டு, ஓசையில்லாமல் திறக்கும் முறை ஒன்று உண்டு. அதை நான் ஒரே ஒருவருக்குத்தான் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன்.

ஆக, தொடக்கத்திலேயே தெரியும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுந்து கதவைத் திறந்திருக்கலாம். திறந்தால் என்ன சொல்வது? மூன்றாவது தடவையும் பதிவு கெட்டிருக்கும். ஏன் திறந்தீர்கள் என்று கெய்ஜிரோ கேட்பான், மரியாதையாகத்தான் கேட்பான். மிசுயே அண்ணாந்து கூரைச் சன்னலைப் பார்ப்பாள். அவள் புத்திசாலி. தன் தந்தை என்ன செய்தார் என்று ஒரு மகள் தெரிந்துகொள்வது நல்லதல்ல. அது அவளால் தாங்கக்கூடியது அல்ல. நான் அவளைப் பற்றித்தான் யோசித்தேன்.

பானை நன்றாகப் பாடியது. அன்றுபோல் அது என்றும் பாடியதில்லை.

அதன்பின் கேட்டதை நீங்கள் பதிவிலேயே எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். நான் முதலிலேயே நேரில் கேட்டதுதான்.

“தலை வலிக்குது எனக்கு,” என்று மிசுயே மெல்லிய குரலில் சொன்னாள்.

“எனக்கும்தான். பனிக்குளிரா இருக்கும்.”

“அப்பாவைக் கூப்பிடட்டுமா?”

“வேணாம், இப்போ ரொம்ப நல்லா வருது. கொஞ்சம் பொறுத்துக்கோ.” பிறகு, “நீ சாப்பிடற சத்தமே கேக்கல. பூனை மாதிரி,” என்றான்.

“உங்களை மாதிரி சப்புக்கொட்டச் சொல்றீங்களா?” என்றாள். இருவரும் வாய்க்குள் சிரித்தார்கள். பிறகு பேச்சு இல்லை. யாரோ பாயில் மெதுவாகச் சாய்ந்த சத்தம். துணி உரசிய சத்தம். அவள் அவன் பெயரைச் சொன்னாள். மறுபடி சொன்னாள்.

முதல் நாள் விசாரணையில், குச்சி விழும் ஓசை கேட்கவில்லை, அதனால் உள்ளே போகவில்லை என்று உங்களிடம் சொன்னேன். அது பொய் அல்ல என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் அந்த இடத்தை மறுபடி மறுபடி போட்டுக் காட்டுகிறீர்கள். தட்டில் குச்சி விழுகிறது. உண்மைதான். தெளிவாக விழுகிறது. ஒரு சோடி. அவள் என்னைக் கத்திக் கூப்பிடவில்லை. எனக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்த ஓசையைத்தான் செய்தாள். கதவுக்கும் எனக்கும் இடையே ஒரு கை தூரம்தான் இருந்தது. நான் அசையவில்லை. அது அழைப்பு அல்ல. அழைப்பு என்றால் எல்லாரும் சேர்ந்து விழவிட வேண்டும்.

பானையின் நீர் வற்றி ஓசை மாறும்வரை அமர்ந்திருந்தேன். பிறகுதான் திறந்தேன். முதலில் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன், இரும்பு வெடித்துவிடக் கூடாது என்று.

ஒகினோ இறுதிச் சடங்குக்கு வந்திருந்தாள். வசந்தத்தில் அந்த இசையை வாசிக்கப்போகிறாள் என்று கேள்விப்படுகிறேன், மூன்றாம் பகுதி எழுதியபடியே, இரண்டாவது அடியோடு. கடைசிப் பகுதியையும் நீங்கள் அந்தப் பதிவைத் திருப்பிக் கொடுத்ததும் சேர்த்துக்கொள்வாளாம். தடுப்பதற்கு எனக்கு இனி உரிமை இல்லை.

கெய்ஜிரோவையும் மிசுயேயையும் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், கோணலாக இருந்தாலும் அது என் கையெழுத்துதான். எனக்குப் புரியாதது ஒன்றுதான் பாக்கி இருக்கிறது. மிசுயே ஆறு வயதிலிருந்து என்னிடம் கற்றவள், முறை தவறி நடந்ததே இல்லை. பக்கத்தில் இருப்பவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்று ஏன் அவள் தனியாக விழவிட்டாள் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.